கண்ணில் மருந்து, கையில் போன்

ஜூன் 3, திங்கள்

கத்த வேண்டியதையெல்லாம் இனி இதில் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஆபீசில் கத்தினால் வேலை போகும். வீட்டில் கத்தினால் என் கணவர் நாச்சிமுத்து டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

காலையில் மீட்டிங். எங்கள் கம்பெனி ஒரு கண் மருத்துவமனைக்கு மொபைல் செயலி செய்கிறது. மருத்துவமனையின் பெயரை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பதால் இதிலும் எழுதவில்லை. கோயமுத்தூரில் தலைமை இடம், சுற்று ஊர்களில் கிளைகள். ஆகஸ்டிலிருந்து சீட்டு கொடுக்கும் கவுண்டரை மூடிவிடப் போகிறார்களாம். பெயர் பதிவது, டோக்கன், எந்த அறை, அடுத்து என்ன டெஸ்ட், எல்லாம் போனில்தான். அங்கே வருகிற கூட்டத்தில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். எனவே ‘சீனியர் மோடு’ என்று ஒன்று வேண்டுமாம்.

“அதை யார் பண்றது?” என்று கேட்டுவிட்டு, எங்கள் தலைவன் நிரஞ்சன் என்னைப் பார்த்தான். “நம்ம டீம்லயே டார்கெட் ஆடியன்ஸ் இருக்காங்களே! கலா மேம்!”

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குத்தான் இப்போது என் மேலேயே ஆத்திரம்.

எனக்கு ஐம்பது. காந்திபுரத்தில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பதில் தொடங்கியவள். நிரஞ்சன் பால்வாடிக்குப் போன காலத்தில் நான் எழுத்துகளுக்கு நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இன்று நான் டார்கெட்.

சீனியர் மோடு. ஏரோபிளேன் மோடு மாதிரி. போட்டுவிட்டால் உலகத்தோடு தொடர்பு துண்டிப்பு.

ஜூன் 5, புதன்

என் மானிட்டரை மாற்றித் தரச் சொல்லி மறுபடியும் கேட்டேன். இடது பக்கம் ஒரு கறை இருக்கிறது. ஐ.டி. ஆள் வந்து துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறான். கண் தெரியாதவனையெல்லாம் வேலைக்கு எடுக்கிறார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

வீட்டு வேலை. திரைச்சீலை துவைத்தேன். சமையலறை டியூப்லைட்டை மாற்றச் சொல்லி மாற்றினார். மாற்றியும் வெளிச்சம் போதவில்லை. மட்டமான கம்பெனி.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நாச்சிமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஆய்ந்து போட்ட கீரையிலிருந்து புல்லையும் பழுத்த இலையையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்தார். பிறகு, “சக்கரை டாக்டர் கண்ணு டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்தாரே, போனியா?” என்றார்.

“ஆபீசுல மூச்சு விட நேரமில்லீங்க.”

“போன வருசமும் இதையேதான் சொன்னே.”

“கீரையக் குடுங்க இப்படி.”

எனக்குத் தெரியும், சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. மாத்திரை தவறுவதில்லை. பெரும்பாலும் தவறுவதில்லை. பேனா எழுத்து மங்கலாக விழுகிறது. இனி ஸ்கெட்ச் பேனாவில் எழுதப் போகிறேன்.

ஜூன் 12, புதன்

இன்றைக்கு எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

செயலியைச் சோதித்துப் பார்க்க வெளியாட்கள் சிலரை வரச் சொல்லியிருந்தோம். முதலில் வந்தவர் வசந்தாமணி. ஐம்பத்தெட்டு வயது. சிங்காநல்லூரில் மெஸ் நடத்துகிறார். நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். மெஸ்ஸுக்கு ஆர்டரெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வாங்குகிறாராம். ஆக, போன் அவருக்குப் புதிதல்ல.

போனைக் கையில் கொடுத்து, கண் டாக்டரைப் பார்க்க டோக்கன் போடச் சொன்னோம். நான் எதிரில் உட்கார்ந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் நிரஞ்சனும் இன்னும் மூன்று பேரும் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பக்கத்தில் வெள்ளை மேல் வெளிர்சாம்பல் எழுத்து. அவர் போனைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், ஜன்னல் பக்கம் திருப்பினார். ஓ.டி.பி. வந்தது. அதைப் பார்க்கப் போய்த் திரும்புவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடியும் கேட்டார். இந்த முறை எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் தட்டுவதற்கு எண் பலகை மேலெழும்பி, எண் போட வேண்டிய கட்டத்தையே மூடிவிட்டது. அவர் விரல் கொஞ்சம் அழுத்தமாக விழுகிற விரல். தொட்டதும் படம் நடுங்கியது, வேறு பக்கம் திறந்தது.

“இதென்னம்முணி, தொட்டா ஓடுது, தொடாட்டி தூங்குது” என்றார்.

தடுப்புக்கு அப்பால் சிரிப்புச் சத்தம். நன்றாகக் கேட்டது.

வசந்தாமணி போனை மேசை மேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். “எனக்குத் தெரியாதுன்னு பாக்கறக்குத்தான் கூப்புட்டீங்களா?”

“உங்களைப் பாக்கறக்கு இல்லீங்க. இந்த ஆப்பு எங்க தப்புப் பண்ணுதுன்னு பாக்கத்தான்.”

“அப்ப எதுக்கு என்னையப் பாத்துச் சிரிக்கறாங்க?”

காபியைத் தொடாமல் எழுந்து போனார். லிஃப்ட் வரை கூடவே போனேன். என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வந்து தடுப்புக்கு அப்பாலிருந்த அறைக் கதவைத் திறந்தேன். சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். நான் சொன்ன வார்த்தைகளை இதில் எழுத முடியாது. தட்டைத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டதை எழுதலாம்.

ஜூன் 13, வியாழன்

எச்.ஆரில் கூப்பிட்டார்கள். “மேம், கன்டென்ட் ஓகே. டோன்தான்…”

அப்புறம் நிரஞ்சன். தனியாகக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தான். “கலா மேம், சிரிச்சது தப்புதான். விடுங்க. எழுத்தைப் பெருசாக்கித் தனியா ஒரு மோடு குடுத்துடுவோம். செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணிக்கலாம்.”

“செட்டிங்ஸ் எங்க இருக்குன்னு படிக்க முடிஞ்சா எதுக்கு அவங்களுக்கு அந்த மோடு? முதல் பக்கத்திலிருந்தே எல்லாருக்கும் பெருசா வெப்போம். சின்னவங்களுக்கு என்ன, கண்ணு வலிக்கப் போகுதா?”

“கிளையன்ட் பிரீமியம் லுக் கேக்கறாங்க. பெருசா வெச்சா கவர்மென்ட் போஸ்டர் மாதிரி இருக்கும்.” பிறகு குரலைத் தணித்து, “எங்கப்பாவுக்கும் இதெல்லாம் வராது மேம். எல்லாம் எங்கிட்டதான் குடுப்பாரு. நான் அரை நிமிசத்துல முடிச்சுக் குடுத்துடுவேன்” என்றான். அதில் அவனுக்குப் பெருமை.

“நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்கு?”

“அதுக்கென்ன, வெயிட் பண்ணுவாரு.”

வெயிட் பண்ணுவார். ஒரு ஆள் தன் கண்ணுக்கு மருத்துவம் பார்க்க, மகனுக்கு லீவு கிடைக்கும் வரை வெயிட் பண்ணுவார்!

ஜூன் 19, புதன்

பெனாசிர் என்கிற பெண்ணை எனக்கு உதவியாகக் கொடுத்திருக்கிறார்கள். இருபத்தாறு வயது, உக்கடத்துக்காரி. வாய் குறைவு, கை சுத்தம். ‘சீனியர் மோடு’ என்ற பெயரையே எங்கள் கோப்பிலிருந்து எடுத்துவிட்டாள். “எங்கம்மாகிட்ட அப்படிச் சொன்னா போனை மூஞ்சியில எறிவாங்க மேம்” என்றாள்.

இருவருமாக முக்கியமான பக்கத்தை வரைந்தோம். நோயாளி ஒரு டெஸ்ட் முடித்ததும் அடுத்த அறைக்கு அழைப்பு வரும். ‘வருகிறேன்’ என்று தொட வேண்டும். தொடாவிட்டால் டோக்கன் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். இந்த விதி மருத்துவமனை சொன்னது. நான் திரையின் அகலம் முழுக்க ஒரே பொத்தான் வைத்தேன். கட்டை விரல் எங்கே விழுந்தாலும் போதும்.

சாயங்காலம் பெனாசிர் இரண்டு சாம்பல் நிறங்களைக் காட்டி, எது படிக்க நன்றாக இருக்கிறது என்று கேட்டாள். வலது பக்கம் இருப்பது என்றேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் அழித்துவிட்டு அடர்கறுப்பாக்கினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

ஸ்கூட்டி சரியில்லை. இன்றிலிருந்து பஸ்.

ஜூன் 26, புதன்

நாச்சிமுத்து ஸ்கூட்டியை எடுத்து அவிநாசி ரோடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, நன்றாகத்தான் ஓடுகிறது என்கிறார். இவருக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும். பம்ப் கம்பெனியில் சர்வீஸ் மேனேஜர், அவ்வளவுதான்.

ஜூலை 1, திங்கள்

மீட்டிங்கில் ஒரே பொத்தானை ஏற்கவில்லை. ‘ரத்து’ என்பதும் பக்கத்திலேயே வேண்டுமாம். அகலத்தை இரண்டாக வெட்டினோம். வலது பக்கம் ‘வருகிறேன்’, இடது பக்கம் ‘ரத்து’. பெரும்பாலோருக்கு வலது கட்டை விரல்தான் முதலில் போகும். அதையாவது காப்பாற்றினேன். எழுத்தைக் குறைத்தார்கள். கறுப்பு மறுபடியும் சாம்பல் ஆயிற்று.

ஜூலை 3, புதன்

காலையில் முகம் கழுவும்போது இடது கண்ணுக்குள் கறுப்பாக நூல் ஓடியது. மசி சொட்டித் தண்ணீரில் பரவுகிற மாதிரி. தண்ணீர் அடித்து அடித்துக் கழுவினேன். போகவில்லை. கண்ணில் தூசி. இந்த ஊரில் எங்கே பார்த்தாலும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், தூசி விழாமல் என்ன செய்யும்.

மருத்துவமனை நிர்வாகத்திடம் இறுதி வடிவத்தைக் காட்டும் நாளும் இன்றுதான். நான்தான் பேச வேண்டும். எழுந்து நின்றேன். என் பக்கங்களை என்னால் படிக்க முடியவில்லை. “பெனாசிர் சொல்லுவாங்க, தொண்டை கட்டியிருக்குது” என்று உட்கார்ந்துவிட்டேன். அவள் தயங்காமல் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். நிரஞ்சன் அதே பக்கங்களுக்கு அவனுடைய நிறமும் எழுத்தும் போட்ட அழகான வடிவத்தையும் காட்டினான். அவனுடையதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தலைமை மருத்துவமனையில் ஒரு மாடியில் மட்டும் நாளையே ஓடவிட்டுப் பார்ப்பார்களாம்.

தொண்டை கட்டியவள் பிறகு அதை எதிர்த்து எப்படி அவ்வளவு சத்தமாகச் சண்டை போட்டாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

லீவு. தூசி இன்னும் போகவில்லை.

ஜூலை 6, சனி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. ஒரு பக்கத்துக்குச் சில வரிகள்தான் அடங்குகின்றன, அவ்வளவு பெரிதாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை நாச்சிமுத்துவுக்குக் காபி ஊற்றினேன். டம்ளருக்கு வெளியே ஊற்றியிருக்கிறேன். சூடு அவர் தொடையில் கொட்டியது. அவர் அலறவில்லை. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, “கெளம்பு” என்றார்.

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டார். “எத்தன நாளா?”

“நேத்துதானுங்க…”

“பொய் சொல்லாதே கலா. கீரையில புல்லு. பஸ்ஸு நம்பரை ஆளுங்ககிட்டக் கேட்டுக் கேட்டு ஏர்றே. போன்ல மெசேஜ் வந்தா ‘நீங்களே படிங்க, கை ஈரம்’ங்கறே. உன்ற கை எந்நேரமும் ஈரமாவா இருக்கும்? வருசக்கணக்கா என்ற கிட்டயே நடிச்சிருக்கறே!”

இந்த மனிதர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. “கண்ணு தெரியாத டிசைனரை யாரு வெச்சுக்குவாங்க? சொல்லுங்க, யாரு வெச்சுக்குவாங்க?” என்று நானும் கத்தினேன். சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கேட்கவில்லை. விழித்திரைக்கு அங்கேதான் நல்ல டாக்டர்கள் என்று, எங்கள் வாடிக்கையாளரான அதே மருத்துவமனைக்கு வண்டியை விட்டார். விழித்திரைப் பிரிவு இரண்டாம் மாடி. எங்கள் செயலி ஓடிக்கொண்டிருக்கும் அதே மாடி.

பெயர் பதிவதை நாச்சிமுத்து தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டுத் தடுமாறி முடித்துவிட்டார். அதன் பிறகு நர்ஸ் என் கண்ணில் சொட்டு மருந்து ஊற்றினாள். கருவிழியை விரியவைக்கிற மருந்து. சில மணி நேரத்துக்குக் கிட்டே இருப்பது எதுவும் தெரியாது. வெளிச்சம் ஊசியாகக் குத்தும். மருந்து ஊற்றியவர்களை ஒரு கூடத்தில் உட்காரவைக்கிறார்கள். கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும். கூடம் நிறையக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தோம்.

அப்போது போன்கள் அதிர ஆரம்பித்தன.

ஒருவர் போனை மூக்கில் ஒட்டவைத்தார். ஒரு அம்மா கையை முழுசாக நீட்டிப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்தார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. “சிஸ்டர், என்னமோ வந்திருக்குதுங்க!” என்று குரல் கொடுத்தால், “போன்லயே போட்டிருக்கும் பாருங்க” என்று பதில்.

“கண்ணுல மருந்து ஊத்துனது நீங்கதானே, இப்ப எதைப் பாக்கச் சொல்றீங்க!” என்று யாரோ கத்தினார். சிலர் சிரித்தார்கள். ஆனால் அறைகளின் கதவு திறந்து திறந்து மூடியதே தவிர, எங்கள் வரிசையில் யாரும் எழுந்து போகவில்லை. எங்கள் டோக்கன்கள் கடைசிக்குப் போய்க்கொண்டிருந்தன என்று எனக்குப் புரிந்தது. அந்தக் கூடத்தில் அது புரிந்த ஒரே ஆள் நான்தான்.

ஒரு மாதமாக எத்தனை மீட்டிங்! எழுத்தின் அளவு, நிறம், பிரீமியம் லுக். இது கண் ஆஸ்பத்திரி, இங்கே வருகிறவர்களின் கண்ணில் மருந்து ஊற்றுவார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். வருடா வருடம் வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

பக்கத்தில் ஒரு பெரியவர். தாராபுரத்திலிருந்து தனியாக வந்தவர், காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். “அம்முணி, இதுல என்ன போட்டிருக்குன்னு சித்த சொல்லு” என்று போனை நீட்டினார். எனக்கு வெள்ளையாக ஒரு ஒளி மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அந்தப் பக்கத்தை வரைந்தவள் நான். பொத்தான் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். கீழே, வலது ஓரம். அவர் போனில் தொட்டேன். அது ஒரு மணியோசை எழுப்பியது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்தாள். “ஐயா, நீங்க கேன்சல் பண்ணிட்டீங்களா? சிஸ்டத்துல ரத்துன்னு வந்திருக்குது. திரும்பப் புதுசா பதிவு பண்ணோணும். இன்னிக்கு டோக்கன் முடிஞ்சுதுங்களே.”

கடைசி நேரத்தில் யாரோ பொத்தான்களை இடம் மாற்றியிருக்கிறார்கள்.

பெரியவர் என் பக்கம் திரும்பி, “பரவால்ல அம்முணி, நீ நல்லதுக்குத்தானே அமுக்குனே” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. அவரை உள்ளே விடாமல் ஒருத்தரும் இந்த இடத்தை விட்டு நகர மாட்டோம் என்றேன். கூடம் முழுக்க என்னோடு சேர்ந்துகொண்டது. வெளியே நின்ற நாச்சிமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மூத்த நர்ஸ் ஒருவர் வந்து, போனையெல்லாம் பைக்குள் வைக்கச் சொல்லி, ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினார். தாராபுரத்துக்காரர்தான் முதலில் போனார்.

டாக்டர் சொன்னதை இன்று எழுதப் போவதில்லை.

ஜூலை 7, ஞாயிறு

எழுதுகிறேன். சர்க்கரையால் இரண்டு கண்ணின் விழித்திரையும் கெட்டிருக்கிறது. இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. லேசர், ஊசி. வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாம். இடது, பார்க்கலாம் என்றார் டாக்டர் சுகிர்தா. “போன வருசம் வந்திருந்தீங்கன்னா…” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நாச்சிமுத்து ரசம் வைத்தார். உப்பு இல்லை. இரண்டு பேரும் சொல்லாமல் சாப்பிட்டோம்.

ஜூலை 8, திங்கள்

மீட்டிங்கில் எழுந்து நின்று சொன்னேன். “பொத்தானை இடம் மாத்தினது யாரு?”

“வெளிநாட்டு ஆப் எல்லாம் அப்படித்தான் வெக்கிறாங்க மேம், அதான் மாத்தினேன்” என்றான் நிரஞ்சன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை முழுக்கச் சொன்னேன். மருந்து ஊற்றிய பிறகு அந்தப் போன் யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது. தொடச் சொல்லக் கூடாது. தமிழில் வாய்விட்டுப் பெயர் சொல்லி அறையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நம்பிக்கை இல்லாவிட்டால் நீங்களும் கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றேன்.

“நீங்க அங்க எதுக்குப் போனீங்க?” என்று கேட்டான்.

சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். இடது கண், ரத்தம், லேசர்.

நிரஞ்சன் மிகவும் கனிவான குரலில், “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேம். நீங்க ரெஸ்ட் எடுங்க. இந்த புராஜெக்டைப் பெனாசிர் பாத்துக்கட்டும்” என்றான். நான் சொன்ன ஒன்றைக்கூட அவன் எழுதிக்கொள்ளவில்லை.

கனிவு! இதற்கு அவன் அன்றைக்குச் சிரித்ததே தேவலை.

வெளியே வந்ததும் பெனாசிர் பின்னால் ஓடிவந்தாள். அழுதுகொண்டிருந்தாள். “எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. நான் கேட்டிருக்கணும்.” மேம் அக்காவாகிவிட்டிருந்தது.

“அழுவறதை விட்டுட்டு அந்தக் குரல் விஷயத்தை எப்படிச் செய்யறதுன்னு பாரு” என்றேன். எரிந்து விழுந்துதான் சொன்னேன். எனக்கு வேறு மாதிரி வரவில்லை.

ஜூலை 15, திங்கள்

முதல் லேசர். பச்சை மின்னல் மின்னலாக. தலைக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் டாக்டர் சுகிர்தாவிடம் நான் யார், என்ன வேலை என்று சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அதனாலதான் பேஷண்ட்ஸ் உள்ள வராம இருந்தாங்களா? நாங்க, ஆள் இல்லைன்னு அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டு இருந்தோம். எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே.”

“உங்ககிட்ட யாரும் கேக்கவும் இல்லீங்க டாக்டர்.”

“உங்க மேனேஜரை அடுத்த திங்கக்கிழமை இங்க வரச் சொல்லுங்க. நீங்க சொல்ல வேண்டாம், நானே நிர்வாகம் மூலமா கூப்பிடறேன்.”

ஜூலை 22, திங்கள்

நிரஞ்சன் வந்தான். வாடிக்கையாளர் கூப்பிட்டால் வராமல் முடியுமா. நானும் இரண்டாவது லேசருக்காக அதே கூடத்தில் இருந்தேன். டாக்டர் அவனிடம் எல்லாம் விளக்கிவிட்டு, “ஊத்திப் பாக்கறீங்களா?” என்று கேட்டார். பக்கத்தில் நிர்வாக அதிகாரி நின்றுகொண்டிருந்தார். சரி என்றான்.

அரை மணி கழித்து அவன் போன் அதிர்ந்தது. கையை நீட்டினான், மடக்கினான். வெளிச்சத்தைக் கூட்டினான், கண் கூசி முகத்தைத் திருப்பினான். எதையோ தொட்டான். டோக்கன் போயிற்று.

“எரிச்சலா இருக்கு மேம்” என்றான்.

“ஆமா” என்றேன்.

மருந்து இறங்கும் வரை அவனால் வண்டி ஓட்ட முடியாது. அவன் அப்பாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்றான், நம்பரைத் தேட முடியவில்லை. நல்லவேளை அந்த நம்பர் அவனுக்கு மனப்பாடம். அவன் சொல்லச் சொல்ல, கதவருகே நின்ற நாச்சிமுத்து தன் போனிலிருந்து அடித்துக் கொடுத்தார். அப்பாவும் மகனும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. தள்ளிப் போய்ப் பேசினான். நெடுநேரம் பேசினான்.

ஜூலை 24, புதன்

நிரஞ்சனின் மெயிலைப் பெனாசிர் படித்துக் காட்டினாள். “எனது நேரடிக் கள ஆய்வில் தெரியவந்தது என்னவென்றால்…”

எனது! நேரடி!

குரல் அழைப்பு வருகிறது. மருந்துக்குப் பின் தொட வேண்டிய பொத்தான்கள் எடுக்கப்படுகின்றன. கவுண்டர்களில் ஒன்று மூடாமல் இருக்கும். முதல் பக்கத்துச் சாம்பல் எழுத்து மட்டும் அப்படியே. அதற்கு இன்னொரு சண்டை போட வேண்டும். மெயிலில் என் பெயர் இல்லை. பெனாசிர் அவன் அறைக்குப் போய் என் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டாளாம். என்னிடம் சொல்லாமல் போயிருக்கிறாள். சேர்த்து மறுபடியும் அனுப்பியிருக்கிறான், கடைசி வரியில்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நான் வேலையை விடவில்லை. ரெஸ்ட்டும் எடுக்கவில்லை. பெரிய மானிட்டர் கேட்டேன், இந்த முறை காரணத்தைச் சொல்லிக் கேட்டேன். வந்துவிட்டது. திரையைப் படித்துக் காட்டுகிற மென்பொருளைப் போட்டுக்கொண்டேன். அதன் தமிழ் உச்சரிப்பைக் கேட்டால் கொலைவெறி வருகிறது. ‘பழம்’ என்றால் ‘பலம்’ என்கிறது. அதையும் ஒரு கை பார்க்க வேண்டும்.

வசந்தாமணியின் மெஸ்ஸுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மதியக் கூட்டம். “மொதல்ல உக்காந்து சாப்புடுங்க” என்றார். சாப்பிட்டேன். புதிய வடிவத்தைப் பார்க்க வருகிறீர்களா என்று கேட்டேன்.

“சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிச்சா நீங்களே நாலு சாத்து சாத்துங்க.”

வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 21, புதன்

பரிசோதனைக்குப் போனேன். வலது கண்ணில் கெடுதல் நின்றுவிட்டது, இனி மோசமாகாது என்கிறார் டாக்டர் சுகிர்தா. இடது கண்ணில் மேல்பாதிப் பார்வை வந்திருக்கிறது. கீழே புகை மூட்டம். அது அப்படியேதான் இருக்கும் போல.

குரல் அழைப்பு நேற்றிலிருந்து எல்லா மாடியிலும் ஓடுகிறது. குரல் பெனாசிருடையது. மெஷின் குரல் வேண்டாம் என்று அவளே பேசிப் பதிவு செய்திருக்கிறாள். பெயரை மட்டும் மெஷின் சேர்த்துக்கொள்கிறது.

மருந்து ஊற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். அய்யோ, என்ன சத்தம்! அந்த மூலையில் ஒரு போன் “ரங்கநாயகி, நாலாம் அறைக்கு வாங்க” என்கிறது. முடிவதற்குள் இந்தப் பக்கம் “பொன்னுசாமி, ஏழாம் அறை”. ஒருவர் பையின் அடியில் போன் அலறுகிறது, அவர் ஜிப்பைத் தேடுகிறார். பஸ் ஸ்டாண்டு தோற்றுவிடும். இத்தனை போன்கள் ஒரே அறையில் பேசினால் எப்படி இருக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. மறுபடியும் யோசிக்கவில்லை. என் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆனால் ஆட்கள் எழுந்தார்கள். கூப்பிட்டதும் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு, கேட்ட அறைக்குப் போனார்கள். ஒருவரும் மற்றவரிடம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார். “காது கிழியுது சாமி! எந்த மடையன் இதைச் செஞ்சு வெச்சான்?”

“நானுங்க” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். இருவருக்கும் மருந்து, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. நான் விளையாடுகிறேனா என்று குரலை வைத்து எடை போட்டிருப்பார்.

“நீயா செஞ்சே?”

“நானும் இன்னொரு பொண்ணும்.”

“அப்படின்னா சத்தத்தைக் குறைக்கறக்கு எங்க அமுக்கோணும்? சொல்லு.”

அவர் கையைப் பிடித்து, விரலைப் போனின் பக்கவாட்டில் மேடாக இருக்கும் பொத்தானில் கொண்டுபோய் வைத்தேன். தடவிப் பார்த்துக்கொண்டார்.

“ம். இது தெரியுது” என்றார்.